எதில் விரல் நிற்கிறதோ

ஜூன் 3, திங்கள்

மார்ச்சுக்கு அப்புறம் இன்றுதான் ஒரு வேலையை ஒப்புக்கொண்டிருக்கிறேன். பச்சைமலையில் தணியகம் என்று ஒரு தியான மையம். அதற்கு ஒரு இணையதளம். நாலு படமும் முகவரியும் போட்ட தளம் அவர்களுக்குப் போதாதாம். திறந்தவுடன் ஆளை இழுத்து உட்கார வைக்க வேண்டும், தொட்டால் அசைய வேண்டும், விரலால் தள்ளத் தள்ளக் கதை விரிய வேண்டும். பேசியவர் விமலன், அங்கே நிர்வாகி. கடைசிவரை குரல் உயரவே இல்லை. "உங்க பழைய வேலையெல்லாம் பாத்தோம் குணசீலன் சார். நீங்க எதை அசைச்சாலும் அதுல ஒரு துக்கம் இருக்கு. எங்களுக்கு அதான் வேணும்" என்றார்.

அசைவு என் பங்கு. அதற்குப் புரோகிராம் எழுதுவது ஹபீப். கல்லூரியிலிருந்தே இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வேலை பார்க்கிறோம்.

மேசையை ஹாலில் ஜன்னலோரம் போட்டுக்கொண்டேன். முன்பு பின்னறைதான் என் ஆபீஸ். ஜனவரியில் அதைக் காலி செய்து மஞ்சள் அடித்தோம். இனி ஹாலே போதும் என்று மேகலாவிடம் சொன்னேன். அவள் எழுந்து போய் அந்த அறைக் கதவைச் சாத்தினாள். மகளுக்குத் துணையாக இருந்த மாமியார் நேற்று முசிறிக்குத் திரும்பிவிட்டார். சிலிண்டர் புக் பண்ண வேண்டும்.

ஜூன் 7, வெள்ளி

தளம் திறந்ததும் முதலில் வருவது ஒரு வட்டம். விரிந்து சுருங்கும். பார்க்கிறவர் அதோடு சேர்ந்து மூச்சு விட வேண்டும். நாலு நாளாக அதையே செய்துகொண்டிருக்கிறேன், எப்படிச் செய்தாலும் சைக்கிள் பம்ப் மாதிரித்தான் இருந்தது.

மத்தியானம் மேகலா சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு சின்னதாக உள்ளே போய், கொஞ்சம் நின்று, நீளமாக வெளியே வந்தது. நடுவில் எப்போதாவது ஒரு தடுக்கல், படியில் கால் இடறுகிற மாதிரி. செல்போனைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்துகொண்டேன். அதன் ஏற்ற இறக்கத்தை அப்படியே வட்டத்துக்குக் கொடுத்தேன். தடுக்கலையும் விடவில்லை.

ஹபீப்புக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். "டேய், இது மூச்சு விடுதுடா. நானும் அதோட சேர்ந்தே விட்டுக்கிட்டிருக்கேன். எங்கேர்ந்துடா பிடிச்ச?"

வீட்டிலிருந்துதான் என்றேன்.

ஜூன் 11, செவ்வாய்

பள்ளிக்கூடங்கள் நேற்றுத் திறந்துவிட்டன. மேகலா போகவில்லை. பிளஸ் டூ பிசிக்ஸ் யார் எடுக்கிறார்கள் என்று கேட்டேன். தெரியாது என்றாள்.

டிரோனில் எடுத்த படங்கள் வந்தன. மலை, மூங்கில், ஓட்டுக் கூரைகள், பனி. அழகான இடம்தான். சுற்றுச்சுவர் மட்டும் உறுத்துகிறது, அதை எடுத்துவிடுங்கள் என்று விமலன் கேட்டார். சுவர்மேல் முள்கம்பி வேறு. ஒவ்வொரு ஃபிரேமாகச் சுவரை அழித்து அங்கே புல்வெளி வரைந்தேன்.

ஹபீப் மூலப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறான். "கம்பி எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு பாத்தியா? திருடன் வரக் கூடாதுன்னா வெளிப்பக்கம்ல சாயணும்? இது உள்பக்கமாச் சாஞ்சிருக்கு" என்றான்.

கட்டியவனுக்குத் தெரிந்திருக்காது என்றேன். இப்போது புல்வெளி நன்றாக வந்திருக்கிறது. காற்றடித்தால் அசைகிறது.

ஜூன் 14, வெள்ளி

அடுத்த பகுதி, சொற்கள். திரை முழுக்க இலை மாதிரி மிதக்கும். வீடு, வேலை, ஊர், உறவு, உடம்பு, பெயர், இப்படி. எதைத் தொடுகிறோமோ அது பொடிப்பொடியாகி உதிரும். எல்லாம் உதிர்ந்தால் திரை வெள்ளையாகிவிடும். உதிர்வதற்கு மட்டும் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். விரலுக்கடியில் மணல் சரிகிற மாதிரி வந்திருக்கிறது.

சொற்களை விமலன்தான் அனுப்பினார். அதில் 'பிள்ளை' என்ற சொல்லை நான் கடைசியில் ஓர் ஓரமாக வைத்திருந்தேன். பார்த்துவிட்டு, "அதை நடுவுக்குக் கொண்டு வாங்க சார்" என்றார்.

இன்னொன்றும் கேட்டார். பார்க்கிறவர் எந்தச் சொல்லைத் தொட முடியாமல் விரலை வைத்துக்கொண்டே இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். தளத்துக்குள் நுழையும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளும் போன் நம்பரோடு. "எதில் விரல் நிற்கிறதோ அதுதான் சார் அவங்க வாசல். நாங்க அந்த வாசல்ல போய் நின்னு கூப்பிடுவோம்."

ஹபீப்புக்குப் பிடிக்கவில்லை. "யாருக்கு எங்க வலிக்குதுன்னு தெரிஞ்சுகிட்டு இவனுங்க என்னடா பண்ணப் போறானுங்க?"

"செருப்பு விக்கிற சைட்டுகூட நாம எதைப் பாக்கிறோம்னு கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்கு" என்றேன்.

"செருப்பும் இதுவும் ஒண்ணா?"

முணுமுணுத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தான்.

ஜூன் 18, செவ்வாய்

மேகலா தானாகவே வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வட்டத்தைப் பார்த்துக்கொண்டே காப்பி முழுவதையும் குடித்தாள். எத்தனை நாளாயிற்று!

ஜூன் 21, வெள்ளி

சோதித்துப் பார்க்கச் சில பேருக்கு இணைப்பு அனுப்பினோம். மேகலாவும் கேட்டாள், அவள் போனுக்கும் அனுப்பினேன்.

சாயங்காலம் பதிவுகளைப் பார்த்தேன். எல்லோரும் விளையாட்டாகத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரே ஒரு பதிவு வேறு மாதிரி. எங்கள் திருச்சிதான். மற்ற சொற்களையெல்லாம் வரிசையாக உதிர்த்துவிட்டு, நடுவில் இருக்கும் சொல்லில் விரல் நின்றிருக்கிறது. எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. போன் சூடாகித் திரை அணையும்வரை அப்படியே. பிறகு மறுபடி முதலிலிருந்து. மத்தியானம் முழுக்க.

பதிவு செய்யும் கருவியில்தான் ஏதோ கோளாறு. ஹபீப்பிடம் சொல்ல வேண்டும்.

விமலன் கூப்பிட்டார். "திருச்சியிலேர்ந்து ஒருத்தவங்க வந்திருக்காங்க சார். பிரமாதமா வேலை செய்யுது." சோதனைப் பதிவுதான், விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சரி சார் என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 26, புதன்

தளம் வெளியாகி இரண்டே நாள். வெளிநாட்டில் வடிவமைப்பாளர்கள் எல்லோரும் பார்க்கிற ஒரு தளத்தில், இன்றைய சிறந்த தளம் என்று எங்களுடையதைப் போட்டிருக்கிறார்கள். எங்கெங்கிருந்தோ பாராட்டு. சென்னையில் படிக்கும் ஒரு பெண், "இதைப் பார்த்துத்தான் இந்தத் துறைக்கு வர முடிவு செய்தேன்" என்று எழுதியிருக்கிறாள். பக்கத்தின் அடியில் எங்கள் பெயரும் நம்பரும் இருக்கின்றன. அதை எடுக்கச் சொல்லாததற்கே விமலனுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஹபீப் அல்வா வாங்கி வந்தான். மேகலா பால்கனியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். தலையைத் தலையை ஆட்டினாள். யார் என்று கேட்டேன். ஸ்கூல்லேர்ந்து என்றாள்.

ஜூன் 30, ஞாயிறு

மேகலா பின்னறையை ஒழித்துச் சுத்தம் செய்தாள். நான் போகவில்லை. தொட்டில் கம்பி, மாமியார் தைத்த துணிகள், எல்லாவற்றையும் இஸ்திரி போடும் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டாளாம். அழவில்லை. கேட்டதற்கு, "யாருதுன்னு அழணும்?" என்றாள்.

தேறி வருகிறாள். நல்லதுதான்.

ஜூலை 3, புதன்

கழுத்தில் தாலிச் செயின் இல்லை. வேர்வையில் அரிக்கிறதாம்.

ஜூலை 5, வெள்ளி

காலையில் இட்லி வைத்துக்கொண்டே சொன்னாள். "தணியகத்துக்குப் போயிட்டு வரேன். பத்து நாள்."

எனக்குச் சிரிப்புகூட வந்தது. என் விளம்பரம் என் வீட்டிலேயே வேலை செய்கிறதே! நானும் வரட்டுமா என்று கேட்டேன். "கூட யாரும் வரக் கூடாதாம். வாசல் வரைக்கும் ஆள் வந்தா திரும்பிப் பாக்கத் தோணுமாம்." போனையும் வாங்கி வைத்துவிடுவார்களாம்.

துறையூர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டேன். வெள்ளை வேன் நின்றது. ஏற்கனவே மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. மேகலா ஏறி உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வரும் வழியில் மழை. நல்ல மழை.

ஜூலை 9, செவ்வாய்

வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. கடையில் தோசை மாவு வாங்கினேன். விமலனுக்கு இரண்டு தரம் அழைத்தேன். எடுக்கவில்லை. மையத்து நம்பருக்குப் போட்டால் ஒரு பெண், "எல்லாரும் மௌனத்தில் இருக்கிறார்கள்" என்று சொல்லி வைத்துவிடுகிறாள்.

ஜூலை 13, சனி

விமலன் புதிதாக ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். தணியகத்தில் மனம் தெளிந்தவர் பேசுவது. நடுநடுவே வெட்டி எடுத்து, எழுத்துகள் மிதக்கவிட்டு, தளத்தில் சேர்க்க வேண்டும். வழக்கமான வேலை. டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்தேன்.

தலை ஒட்ட வெட்டியிருந்ததால் முதலில் தெரியவில்லை.

மேகலா பேசுகிறாள். "எனக்கு வீடு இல்லை. எனக்கு ஊர் இல்லை. எனக்குப் பிள்ளை…" அங்கே குரல் உடைகிறது. கேமராவுக்குப் பின்னாலிருந்து, உயராத அந்தக் குரல்: "மறுபடி சொல்லுங்கம்மா." மறுபடி தொடங்குகிறாள். மறுபடி அதே இடத்தில் உடைகிறாள். "மறுபடி." ஜன்னலில் வெயில் நகர்ந்து போகிறது. உதடு வறண்டு வெடித்திருக்கிறது. தண்ணீர் கேட்கிறாள். "சொல்லி முடிச்சதும் குடிக்கலாம்." கடைசியில் உடையாமல் சொல்லிவிடுகிறாள். "எனக்குப் பிள்ளை பிறக்கவே இல்லை." முகத்தில் ஒன்றுமே இல்லை, துடைத்துவிட்ட கரும்பலகை மாதிரி.

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்ட வேண்டுமாம்.

விமலனுக்குப் போட்டேன். இந்தத் தடவை உடனே எடுத்தார். "அது என் மனைவி" என்றேன்.

"தெரியும் சார். முதல்லயே தெரியும். உங்க கை பட்டா இன்னும் நல்லா வரும்னுதான் உங்ககிட்டயே அனுப்பினோம்."

டீ ஆறிப் போயிருந்தது. ஹபீப்பைக் கூப்பிட்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. "காலையில வண்டி எடுத்துட்டு வரேன்" என்றான்.

ஜூலை 14, ஞாயிறு

மலை ஏறும்வரை ஹபீப் எதுவும் கேட்கவில்லை. கடைசி வளைவில் மட்டும், "சத்தம் போட்டா கதவைத் திறக்க மாட்டானுங்க. பொறுமையாப் பேசு" என்றான்.

பொறுமையாகத்தான் பேசினேன். விமலனே வாசலுக்கு வந்தார். என்னைவிடச் சின்ன வயது, நெற்றியில் ஒன்றுமில்லை, வெள்ளைச் சட்டை. "நாங்க யாரையும் பிடிச்சு வைக்கலை சார். அவங்களையே கேளுங்க" என்று உள்ளே பார்த்துக் கையசைத்தார்.

மேகலாவை இரண்டு பெண்கள் அழைத்து வந்தார்கள். காலில் செருப்பில்லை. என்னைப் பார்த்தாள். கண்ணாடிக் கதவைத் தாண்டிப் பார்க்கிற பார்வை.

"வீட்டுக்குப் போகலாம் மேகலா."

"எனக்கு வீடு இல்லை."

"உங்க அம்மா முசிறியில அழுதுகிட்டிருக்காங்க."

"எனக்கு உறவு இல்லை."

எந்தச் சொல்லைச் சொன்னாலும் பதில் தயாராக இருந்தது. நான் இழைத்து இழைத்து உதிரவிட்ட அதே சொற்கள். ஹபீப் பக்கத்தில் வந்து, "என்னம்மா, நான் ஹபீப். தெரியலையா?" என்றான். அவனையும் தெரியவில்லை. விமலன் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்.

அப்போது என் வாய் தானாகத் திறந்தது. "நான் அவனைப் பாத்தேன் மேகலா."

மார்ச்சில் ஆஸ்பத்திரியில் அவள் மயக்கத்தில் இருந்தாள். துணியில் சுற்றி என்னிடம்தான் கொடுத்தார்கள். அவளுக்குக் காட்ட வேண்டாம், தாங்க மாட்டாள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நானே கொண்டுபோனேன். அதற்கப்புறம் அவள் எத்தனையோ தடவை கேட்டாள். ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்விட்டேன்.

"எனக்குப் பிள்ளை…" என்று தொடங்கினாள்.

"ஆம்பளப் பிள்ளை. காது உன்னோட காது. இடது பக்கம் மட்டும் மடிஞ்சிருந்துச்சு."

அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். கூட வந்த பெண் அவள் தோளைத் தொட்டாள். அதை அவள் உணர்ந்த மாதிரியே தெரியவில்லை.

"முடி இருந்துச்சா?"

"நிறைய. நெத்தியில ஈரமா ஒட்டியிருந்துச்சு. நான் ஒதுக்கிவிட்டேன்."

"எங்க வெச்சிருக்கீங்க?"

"காவிரிக்கரையில. புங்கமரம் ஒண்ணு இருக்கு, அதுக்குக் கீழ. வா, காட்டுறேன்."

முகம் மெதுவாகக் கோணியது. பிறகு அவள் அலறினாள். அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. மார்ச்சிலும் அவள் அலறவில்லை. உள்ளே ஏதோ ஜன்னல் திறந்து மூடியது. ஹபீப் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினான். யாரும் தடுக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

விமலன் என்னிடம் கைகூட நீட்டினார். "அவங்க திரும்பி வருவாங்க சார். வர்ற வழியை நீங்களே போட்டுக் கொடுத்திருக்கீங்களே."

ஜூலை 15, திங்கள்

காவிரிக்கரைக்குப் போனோம். மேகலா புங்கமரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்தேன். அழுதேன் என்று எழுத வேண்டியதில்லை.

ஜூலை 20, சனி

தளத்தை நெட்டிலிருந்து எடுக்க முடியவில்லை. சர்வர் அவர்களுடையது, எங்கள் கடவுச்சொற்களை மாற்றிவிட்டார்கள். ஹபீப் இரண்டு நாள் முட்டிப் பார்த்துவிட்டு மேசையைக் குத்தினான். வேலை முடிந்ததும் தனக்கென்று ஒரு சாவிகூட வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் சுத்தமாக ஒப்படைப்பது அவன் வழக்கம்.

மேகலாவின் வீடியோ பக்கத்தில் வந்துவிட்டது. வேறு யாரோ செய்திருக்கிறார்கள். என் எழுத்துருவையே போட்டிருக்கிறார்கள். நன்றாகவும் செய்திருக்கிறார்கள்.

வக்கீல் ஒருவரைப் பார்த்தோம். ஹபீப்பின் சொந்தக்காரர். மூல வீடியோவைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இதுமட்டும் போதாது, உள்ளே என்ன நடந்ததென்று மேகலாவே தன் வாயால் சொன்னால்தான் புகார் நிற்கும் என்றார். மேகலா வாய் திறக்கவில்லை.

ஜூலை 29, திங்கள்

சாப்பிடுகிறாள். குளிக்கிறாள். நேற்று அவள் அம்மாவோடு போனில் பேசினாள். ஆனால் தூக்கத்தில் அவள் சுட்டுவிரல் பாய்மேல் நகர்ந்து ஓரிடத்தில் நின்று அழுத்துகிறது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

உள்ளே என்ன நடந்தது என்று ஒரு தடவைதான் கேட்டேன். "நீங்க கேக்காதீங்க. சொல்றப்போ சொல்றேன்" என்றாள்.

சென்னைப் பெண் மறுபடி எழுதியிருந்தாள். எங்கள் தளத்தைப் பார்த்து அவள் கல்லூரித் திட்டத்துக்கு அதே மாதிரி சொற்கள் உதிரும் பக்கம் ஒன்று செய்திருக்கிறாளாம். கருத்துச் சொல்லுங்கள் என்றாள். போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "ஆனா சார், அது அவ்ளோ அழகா இருக்கே" என்றாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சமையல் முடியும் நேரத்தில் காலிங் பெல். வாசலில் ஓர் ஆள், நாற்பதுக்கு மேல் இருக்கும். ராசிபுரத்திலிருந்து வருகிறாராம். பெயர் பழனிவேல், முட்டை வண்டி ஓட்டுகிறவர். பக்கத்தின் அடியில் எங்கள் பெயரைப் பார்த்து, விசாரித்து வந்திருக்கிறார்.

"சார், நீங்கதான் அந்த மலை மேல இருக்கறதுக்குப் பக்கம் போட்டவருங்களா? என் தங்கச்சி வளர்மதி அங்க போயிருக்குதுங்க. அது வீட்டுக்காரர் தவறிட்டாருங்க, அதுலேர்ந்து எந்நேரமும் போனும் கையுமாவே இருந்துச்சு. இப்ப போன் போட்டா, அப்படி யாரும் இங்க இல்லைங்கறாங்க. நேர்ல போனேன், அதே பேச்சு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா உள்ள விடுவாங்கன்னு…"

சட்டைப்பையிலிருந்து ஒரு புகைப்படம் எடுத்துக் கொடுத்தார். ஏதோ கோயில் வாசலில் எடுத்தது. கையில் தேங்காய்ப் பையோடு சிரித்துக்கொண்டிருக்கிற பெண்.

எனக்கு அந்த முகம் தெரியாது. என் பின்னால் மேகலா வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. என் கையிலிருந்து படத்தை வாங்கினாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு அதைத் தன் நெஞ்சோடு கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களாம்மா? அங்க இருக்காளா?" என்றார் அவர். "நல்லா இருக்காளா?"

மேகலா அவரைப் பார்த்தாள். மலையிலிருந்து வந்த பிறகு அவள் யாரையும் அப்படி நேராகப் பார்த்ததில்லை.

"காலையில எப்பண்ணே கிளம்புனீங்க?"

"விடியறதுக்கு முந்தியேங்க."

"கைகால் கழுவிட்டு வாங்க. முதல்ல சாப்பிடுங்க."

"அதெல்லாம் எதுக்குங்கம்மா…"

"சாப்பிடுங்கண்ணே. எல்லாம் சொல்றேன்."

அவர் கைகழுவப் போனார். நான் சமையலறைக்குள் அவள் பின்னாலேயே போனேன். அவள் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.  "வக்கீல் சாரை வரச் சொல்லுங்க, ஹபீப் அண்ணனையும்" என்றாள் தாழ்ந்த குரலில். "ஆனா இவர் சாப்பிட்டு முடிக்கட்டும். தங்கச்சிக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சா அப்புறம் சோறு இறங்காது."

பழனிவேல் பசியோடுதான் வந்திருக்கிறார். சாம்பாருக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம் சோறு வாங்கிக்கொண்டார். தங்கச்சிக்கு ரசம் என்றால் உயிர், தம்ளரில் ஊற்றிக் குடிப்பாள் என்றார். மேகலா கேட்டுக்கொண்டே பரிமாறினாள். மோர் ஊற்றினாள். அவர் போதும் என்று கையால் மறித்தார். அவள் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.